நாட்டு மிளகாய், மூலிகை விதைகளைச் சிறு விதைக்காரர்களிடம் தேடி வாங்குவது எப்படி?

கடையில் வாங்கிய மிளகாய் விதைப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் கம்பெனி பெயர், லாட் நம்பர், முளைப்புத்திறன், பரிசோதித்த தேதி எல்லாம் அச்சடித்திருக்கும். அந்தச் செடியை வளர்த்தது யார், அது எந்த ஊர் மண்ணில் நின்றது என்பது மட்டும் இருக்காது. நாட்டு மிளகாயும் மூலிகையும் வளர்க்க ஆசைப்பட்டு விதை தேடுகிறவர்கள் முதலில் தேட வேண்டியது அந்த ஆளைத்தான். ஆள் கிடைத்துவிட்டால் விதை கிடைக்கும். எப்போது விதைப்பது, என்ன நோய் வரும், எந்தப் பழத்தை விதைக்கு விடுவது என்பதும் கூடவே வரும். மாடியிலோ கொல்லையிலோ பத்துச் செடி வைக்க நினைக்கிற புதியவர்கள் அந்த ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தபின் என்ன கேட்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயர் சொல்லிக் கேளுங்கள்

"நாட்டு மிளகாய் விதை இருக்கா?" என்று கேட்பது, அரிசிக் கடைக்குப் போய் "அரிசி இருக்கா?" என்று கேட்பது போலத்தான். எதையாவது எடுத்து நீட்டுவார்கள். தேடப் போகும் முன் எந்த மிளகாய் வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

குழம்புக்கும் தாளிப்புக்கும் உருண்டையான, தோல் தடித்த வற்றல் வேண்டுமா? அது ராமநாதபுரம் முண்டு. குண்டு மிளகாய் என்றும் சொல்வார்கள். மானாவாரியில், வடகிழக்குப் பருவமழையை நம்பி, புரட்டாசி, ஐப்பசி வாக்கில் விதைத்து மாசி முதல் பழம் பறிக்கிற மிளகாய். 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நீளமான வற்றல் வேண்டுமென்றால் சாத்தூர், விருதுநகர்ப் பக்கத்துச் சம்பா. சிறுத்து, வானத்தைப் பார்த்து நிற்கிற, ஒன்றைக் கடித்தாலே கண்ணீர் வரவைக்கிற காந்தாரி குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் வீட்டுக்கு வீடு உண்டு. ஈழத்தில் கொச்சிக்காய் என்பதும் இந்தக் கூட்டம்தான். காந்தாரி தனி இனம். ஒருமுறை வைத்தால் சில வருடம் நின்று காய்க்கும். கொஞ்சம் நிழல் விழுகிற இடத்திலும் வரும் என்பதால் அபார்ட்மெண்ட் பால்கனிக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நிறத்துக்காக மட்டும் வேண்டும், காரம் குறைவாக இருக்கட்டும் என்றால் கர்நாடகத்து ப்யாடகி.

மிளகாயே போர்ச்சுகீசியர்கள் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து சேர்ந்த பயிர். பிறகு எப்படி 'நாட்டு' மிளகாய் என்று கேட்பவர்கள் உண்டு. வந்த விதையைக் கரிசலிலும் செம்மண்ணிலும் போட்டு, நல்ல பழத்தை மட்டும் விதைக்கு ஒதுக்கி, தலைமுறை தலைமுறையாக நம் ஆட்கள் செய்த தேர்வில் உருவானவை இந்த ரகங்கள். அந்த உழைப்பைச் சேர்த்துத்தான் நாட்டு ரகம் என்கிறோம்.

மூன்று வகை விதை

சந்தையில் இருப்பவற்றை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். முதலாவது, மேலே சொன்னதுபோல் விவசாயிகள் கைமாற்றிக் காத்துவந்த பாரம்பரிய ரகம். இரண்டாவது, ஆராய்ச்சி நிலையங்கள் தேர்வு செய்து வெளியிட்ட ரகங்கள். கோவில்பட்டியின் கே 1, கே 2, பெரியகுளத்தின் பி.கே.எம் 1, பாலூரின் பி.எல்.ஆர் 1 எல்லாம் இதில் சேரும். மூன்றாவது, வீரிய ஒட்டு, அதாவது இரண்டு ரகங்களைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறை விதையான எஃப்1.

முதல் இரண்டிலும் நீங்களே விதை எடுத்து அடுத்த வருடம் போடலாம். பக்கத்து ரகத்தோடு கலக்காமல் இருந்தால் தாய்ச் செடி மாதிரியே வரும். எஃப்1 விதையிலிருந்து எடுத்த விதை அப்படி வராது, ஒவ்வொரு செடியும் ஒரு விதமாக நிற்கும். நடுவில் இருக்கிற பல்கலைக்கழக ரகங்களையும் 'நாட்டு விதை' என்று எழுதி விற்பவர்கள் நிறையப் பேர். அவை மோசமான விதை இல்லை, புதியவர்களுக்கு நல்லதே. ஆனால் பாரம்பரிய ரகம் என்று நம்பி அதிக விலை கொடுக்காதீர்கள். இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயம் பூசிய விதை என்றால் பெரும்பாலும் பூஞ்சாணக்கொல்லி கலந்தது என்று அர்த்தம். அது சிறு விதைக்காரர் கையால் எடுத்த விதையாக இருக்க வாய்ப்பு குறைவு.

எங்கே தேடுவது

மிளகாய்க்கு முதல் இடம் மிளகாய்க் காடுதான். மாசி முதல் சித்திரை வரை ராமநாதபுரம், முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடிப் பக்கம் போனால் பறித்த பழத்தைக் களத்தில் பரப்பிக் காயப்போட்டிருப்பதைப் பார்க்கலாம். வியாபாரிக்குப் போகும் குவியல் வேறு; விதைக்கென்று வீட்டில் ஒதுக்கி வைத்திருப்பது வேறு. இரண்டாவதைக் கேளுங்கள்.

"அண்ணே, விதைக்குன்னு எடுத்து வச்ச பழத்துல ஒரு கால் கிலோ தருவீங்களா? வீட்டுல போடத்தான்."

"விதையா உதிர்த்துத் தரவா?"

"வேணாம்ணே, பழமாவே குடுங்க."

இந்தக் கடைசி வரி முக்கியம். உதிர்த்த மிளகாய் விதை எல்லாமே பார்வைக்கு ஒன்றுதான்: தட்டையாக, வெளிர் மஞ்சளாக இருக்கும். முண்டா, சம்பாவா என்று யாராலும் சொல்ல முடியாது. முழுப் பழத்தைக் கையில் வாங்கினால் உருண்டை சரியாக இருக்கிறதா, தோல் தடிப்பு எப்படி, நுனி கறுத்து அழுகியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். பழத்தைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த முண்டு வற்றலுக்குள் விதை கலகலவென்று ஆடும். இரண்டைக் கிள்ளித் திறந்து பாருங்கள். விதை பழுப்போ கறுப்போ ஏறாமல் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். நுனியில் கறுப்பு வட்டம் விழுந்த பழம் இருந்தால் அது பழ அழுகல் நோய். அந்தப் பூஞ்சாணம் விதை வழியாகவும் வரும் என்பதால் விலக்கிவிடுங்கள். முழுப் பழமாக வாங்கினால் இப்படிப் பார்க்க முடியும் என்பதால், அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் அந்தப் பருவத்துப் புது வற்றலை நம்பகமான இயற்கை அங்காடியில் முழுசாக வாங்கி முளைக்க வைத்துப் பார்க்கலாம். பழைய சரக்கில் முளைப்பு மிகக் குறையும்.

காந்தாரிக்கு நாகர்கோவில் பக்கத்து வாரச்சந்தைகளில் தேடுங்கள். பழுத்துச் சிவந்த காந்தாரியைக் கூறு கட்டி விற்பார்கள். பச்சையாகப் பறித்தது உதவாது, பழுத்தது மட்டும்தான் விதைக்கு ஆகும். அங்கே உறவினர் இருந்தால் இன்னும் சுலபம். காந்தாரி இல்லாத கொல்லையைத்தான் அங்கே தேட வேண்டும்.

இரண்டாவது இடம் விதைத் திருவிழா. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் வளர்த்தெடுத்த நெல் திருவிழாவையும், கரூர் மாவட்டம் கடவூரில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தொடங்கிய வானகம் பண்ணையையும் தெரியாத இயற்கை ஆர்வலர் குறைவு. அவர்கள் போட்ட பாதையில் இன்று பல ஊர்களில் விதைத் திருவிழா நடக்கிறது, பெரும்பாலும் ஆடிப்பட்டத்துக்கு முந்தைய மாதங்களில். நெல்தான் அங்கே ராஜா என்றாலும் காய்கறி, கீரை, மூலிகை விதைகளைப் பரப்பி வைத்தவர்கள் ஓரத்தில் எப்படியும் இருப்பார்கள். பளபளப்பான பிரிண்டட் கவர் அடுக்கிய பெரிய ஸ்டாலை விட, செய்தித்தாள் பொட்டலமும் கையெழுத்துச் சீட்டுமாக உட்கார்ந்திருக்கிற ஆளிடம் முதலில் போங்கள். அவர் பெரும்பாலும் தன் தோட்டத்து விதையை மட்டும் கொண்டுவந்திருப்பார். காலையிலேயே போய்விட்டால் நின்று பேச நேரம் கிடைக்கும். மதியத்துக்குமேல் கூட்டத்தில் எதையும் கேட்க முடியாது.

அப்புறம் அமைப்புகள். சென்னையில் 1995 முதல் இயங்கும் சி.ஐ.கே.எஸ் (இந்திய அறிவு முறைகளுக்கான மையம்), ஆரோவில்லில் பெபிள் கார்டன், மைசூரில் சஹஜா சீட்ஸ் போன்றவை பாரம்பரியக் காய்கறி விதைகளில் நெடுநாள் வேலை செய்தவை. ஒவ்வொரு பருவத்திலும் கையிருப்பு மாறும். கேட்ட ரகம் இல்லையென்றால் "இது யாரிடம் இருக்கும்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுங்கள். விதை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விதை வைத்திருப்பவரைக் கட்டாயம் தெரியும்.

மாடித்தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் காசில்லாமலே விதை கைமாறும். ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் முகவரி எழுதிய உறையை அனுப்பினால் நாலைந்து ரகம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அன்பான ஏற்பாடு. ஆனால் கலப்பு விதை வர வாய்ப்பு அதிகமுள்ள இடமும் இதுதான். காரணத்தை அடுத்து சொல்கிறேன். எங்கும் கிடைக்காவிட்டால் வேளாண் அறிவியல் நிலையம், அரசு தோட்டக்கலைப் பண்ணை, கோவை வேளாண் பல்கலைக்கழகம் இருக்கவே இருக்கின்றன. அங்கே பெரும்பாலும் இரண்டாம் வகை ரகங்கள் கிடைக்கும்.

விதைக்காரரிடம் என்ன கேட்பது

மிளகாய்ப் பூ தன்னிலேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். ஆனாலும் தேனீயும் எறும்பும் சும்மா இருப்பதில்லை, பக்கத்து ரகத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அந்த வருடம் பழத்தில் எந்த மாற்றமும் தெரியாது. அதன் விதையைப் போட்டால்தான் முண்டு செடியில் நீளக் காய் தொங்கும். இந்திய விதைச் சான்றளிப்புத் தரத்தில் சான்று விதைக்கான மிளகாய் வயலுக்கும் வேறு ரக வயலுக்கும் நடுவே 200 மீட்டர், அந்தச் சான்று விதையைப் பெருக்க உதவும் ஆதார விதைக்கு 400 மீட்டர் இடைவெளி கேட்பது இதனால்தான்.

ஆகவே என் முதல் கேள்வி எப்போதும் இது: "பக்கத்துல வேற மிளகாய் ஏதாவது போட்டிருந்தீங்களா?" ஒரே ரகம் மட்டும் போடுகிற கிராமத்து விவசாயிக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. ஊரெல்லாம் அதே மிளகாய்தான். அரை ஏக்கரில் நாற்பது ரக மிளகாய் வைத்து நாற்பதுக்கும் விதை விற்பவர் வலைப்பை கட்டினாரா, பூவை மூடினாரா என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "மூடித்தான் எடுக்கிறேன், அதனால் கொஞ்சம்தான் கிடைக்கும்" என்பது நல்ல பதில். "அதெல்லாம் கலக்காதுங்க" என்றால் நன்றி சொல்லி நகர்ந்துவிடலாம்.

அடுத்து, எந்த மாதம் எடுத்த விதை, எத்தனை செடியிலிருந்து எடுத்தது, எத்தனை வருடமாக வைத்திருக்கிறார், முதலில் அவருக்கு யார் கொடுத்தது என்று கேளுங்கள். ஒரே செடியிலிருந்து எடுத்த விதையை விட, நல்ல செடிகள் ஏழெட்டிலிருந்து எடுத்துக் கலந்த விதை பின்னாட்களில் வலுவாக நிற்கும். செடியில் இலைமுடக்கு, அதாவது இலை சுருண்டு போகும் நோய், வந்ததா என்றும் கேட்டுவிடுங்கள். வந்தது என்று உண்மையைச் சொல்கிறவரை நான் அதிகம் நம்புவேன். தமிழ்நாட்டு வெயிலில் இலைமுடக்கே பார்க்காத மிளகாய்த் தோட்டக்காரர் கிடையாது.

நீல நிற மிளகாய், வானவில் நிறத்துத் துளசி என்று படம் போட்டு விற்பவை, நூறு சதவீத முளைப்புக்கு உத்தரவாதம் தருபவை, எடுத்த மாதம் எழுதாதவை எல்லாவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விவசாயி தன் வயலில் விளைந்த விதையைச் சேமிக்கவும், பகிரவும், பரிமாறவும், விற்கவும் 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பிராண்டு போட்டு விற்பதற்கு மட்டும்தான் தடை. செய்தித்தாள் பொட்டலத்தில் விதை கொடுப்பவரைத் தயங்கிப் பார்க்கத் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து விதை தருவிப்பது அப்படியில்லை. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களும் ஊருக்கு வந்து திரும்பும்போது பெட்டிக்குள் விதையைச் செருகிக்கொண்டு போகாதீர்கள். அந்த நாட்டு விதிகளைப் பார்த்துவிட்டு, முடிந்தால் அங்கேயே வளர்க்கும் நம்மவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூலிகைக்கு வழி வேறு

மூலிகையில் பாதிக்கு விதையே தேட வேண்டாம். புதினா, கற்பூரவல்லி, பிரண்டை, ஆடாதோடை ஆகியவற்றுக்குக் கிள்ளிய தண்டு போதும். வல்லாரைக்கு வேர்விட்ட கொடி. கற்பூரவல்லி விதை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பக்கத்து வீட்டில் ஒரு கொத்து கேளுங்கள், போதும். கறிவேப்பிலைக்கு விதை உண்டு, ஆனால் பழுத்த பழத்திலிருந்து எடுத்த சில நாளில் போட வேண்டும். உறைக்குள் காய்ந்து கிடந்தது முளைக்காது.

துளசிக்கு உங்கள் தெருவிலேயே விதை இருக்கிறது. பூங்கதிர் காய்ந்து பழுப்பானதும் உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினால் பொடிப்பொடியாக விதை நிற்கும். ஒரு கிராமில் ஆயிரக்கணக்கில் இருக்கும். கிருஷ்ண துளசியும் ராம துளசியும் அருகருகே இருக்கும் வீட்டில் எடுத்தால் கலந்துவரும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். துளசி விதை முளைக்க வெளிச்சம் உதவும். மண் மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும், புதைக்க வேண்டாம். திருநீற்றுப்பச்சிலைக்கு நாட்டு மருந்துக் கடைக்குப் போய் சப்ஜா விதை வாங்குங்கள். தண்ணீரில் போட்டால் வழவழவென்று ஊதுகிற அதே விதைதான். புதிதாக இருந்தால் நன்றாக முளைக்கும்.

கொத்தமல்லியும் வெந்தயமும் மளிகை டப்பாவிலிருந்தே வரும். மல்லியை இரண்டாக உடைத்து ஊறவைத்து விதைக்கவும். மணத்தக்காளிக்குக் கீரை விற்கிற அம்மாவைப் பிடியுங்கள். "அடுத்த தடவை வரும்போது பழுத்த பழம் ஒரு கைப்பிடி கொண்டு வாங்கம்மா" என்றால் கொண்டுவருவார். கறுப்புப் பழம், சிவப்புப் பழம் இரண்டும் உண்டு, எது வேண்டுமென்று சொல்லிவிடுங்கள். பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்குவதை வடிகட்டி நிழலில் காயவைத்தால் விதை தயார். தூதுவளைக்கும் கீரைக்கார அம்மாதான் வழி. விதை முளைக்கவில்லை என்றால் முற்றிய தண்டை நட்டுப் பாருங்கள். நிலவேம்பு மட்டும் பொறுமை கேட்கும். புதிதாக எடுத்த விதை சில மாதம் உறக்கத்தில் இருக்கும். எடுத்தவுடன் போட்டுவிட்டு விதை கெட்டது என்று யாரும் விதைக்காரரைத் திட்ட வேண்டாம்.

வந்த விதையை என்ன செய்வது

எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். பத்து விதையை ஈர டிஷ்யூ பேப்பரில் மடித்து ஒரு ஜிப் கவரில் போட்டு, கதகதப்பான இடத்தில் வையுங்கள். மிளகாய் ஒன்று, இரண்டு வாரத்தில் முளை காட்டும். காந்தாரிக்கு மூன்று, நான்கு வாரம் ஆகலாம். பத்துக்கு ஆறு முளைத்தால் திருப்தி. சான்று விதைக்கே குறைந்தபட்சம் 60 சதவீதம்தான் விதி.

விதைக்கும் முன் நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல நுண்ணுயிர்களான சூடோமோனாஸோ டிரைக்கோடெர்மா விரிடியோ பூசினால் நாற்றழுகல் குறையும். பல்கலைக்கழகப் பரிந்துரை ஒரு கிலோ விதைக்கு சூடோமோனாஸ் 10 கிராம், அல்லது டிரைக்கோடெர்மா 4 கிராம். நம் பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகையே அதிகம். குழித்தட்டில் விதைத்து 35, 40 நாளில் எடுத்து நடலாம். ஆடியில் நட வேண்டும் என்றால் வைகாசிக் கடைசியிலேயே விதை கையில் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசிக் கத்திரி வெயிலில் கூரியர் வண்டிக்குள் பொட்டலம் வேகும் என்பதால், தூரத்திலிருந்து தருவிப்பவர்கள் மாசிக்குள் வாங்கி வைப்பது இன்னும் நல்லது.

முதல் வருடம் ஒரே ஒரு மிளகாய் ரகத்தோடு தொடங்குங்கள். கலப்புப் பயம் இல்லாமல் நீங்களே விதை எடுக்கலாம். பக்கத்து மாடியில் வேறு மிளகாய் இருந்தால், மொட்டு விரியும் முன் ஒரு கிளையை மெல்லிய வலைப்பையால் மூடிக் கட்டி, பூ விரிந்த நாட்களில் கிளையை லேசாகத் தட்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் அந்தக் காம்பில் சிவப்பு நூல் கட்டிவிட்டுப் பையை எடுத்துவிடலாம். நூல் கட்டிய காயைச் சமையலுக்குப் பறிக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். நன்றாகச் சிவந்தபின் பறித்து, கையுறை போட்டுக்கொண்டு பிளந்து விதையை உதிருங்கள். காந்தாரி என்றால் கையுறை கட்டாயம், அன்று முழுக்கக் கண்ணைத் தொடாதீர்கள். விதையைத் தட்டில் பரப்பி, காற்றோட்டமான நிழலில், மடக்கினால் ஒடியும் அளவுக்குக் காயவிடவும்.

உறை மேல் ரகத்தின் பெயர், முதலில் கொடுத்தவர் ஊர், எடுத்த மாதம் மூன்றையும் எழுதுங்கள். ஒரு பங்கை அடுத்த ஆனிக்குள் உங்களுக்கு விதை கொடுத்தவருக்கே அனுப்பிவையுங்கள். அவர் தோட்டத்தில் ஒரு வருடம் மழை தப்பினால் அந்த ரகம் உங்களிடமிருந்து அவருக்குத் திரும்பிப் போக வழி இருக்கும். மீதியை இறுக மூடும் கண்ணாடி பாட்டிலில், அடியில் சிலிக்கா ஜெல் பொட்டலமோ வறுத்து ஆறவைத்த அரிசியோ போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெளியே எடுத்ததும் மூடியைத் திறந்துவிடாதீர்கள். பாட்டில் அறை வெப்பத்துக்கு வந்தபின் திறந்தால்தான் விதை மேல் ஈரம் படியாது.